பாதியில் விட்டாலும் கெடாத வேலைகள்: இரட்டைக் குழந்தைகளோடு முதல் ஆறு மாதம்

எங்கள் வீட்டுத் தையல் மிஷினில், ஊசி இறங்கி நின்ற இடத்திலேயே, ஒரு குட்டிச் சட்டையின் கை நாலு மாதம் மாட்டிக் கிடந்தது. பிரசவத்துக்கு முன்னால் ஒரே மாதிரி இரண்டு சட்டை வெட்டினேன், ஒன்றை முடித்தேன், இரண்டாவதற்குக் கை வைத்துக்கொண்டிருக்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. திரும்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கு அந்தச் சட்டைக்குள் இருவரில் ஒருவர் தலைகூட நுழையவில்லை.

பெரியவளுக்கும் சின்னவனுக்கும் 11 நிமிடம்தான் வித்தியாசம். இப்போது ஒன்றேகால் வயது. இடையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தது: எந்த வேலையைத் தொடுவதற்கு முன்னாலும், நடுவில் அப்படியே போட்டுவிட்டு ஓடினால் இது கெடுமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். கெடாது என்றால் தொடங்கலாம். கெடும் என்றால், கெடாத அளவுக்குத் துண்டு போட முடியுமா என்று பார்க்கலாம். அதுவும் முடியாதா, இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குழந்தை இருக்கிற வீட்டில் குழந்தை தூங்கினால் அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இரண்டு இருக்கிற வீட்டில் ஒன்று தூங்கும்போது இன்னொன்று விழித்துக்கொண்டிருக்கும். நமக்குக் கிடைப்பது முழுத்துணி இல்லை, வெட்டுத்துண்டுகள்தான். அதை வைத்து என்ன தைக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்திருந்தால், அல்லது எடை குறைவாக இருந்தால், உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதலில். நான் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் இடம்

இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 37 வாரம் முடிவதற்குள்ளேயே வந்துவிடுகிறார்கள், அதனால் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிப் போடாதீர்கள். 32-வது வாரத்துக்குள் வீடு தயாராக இருக்கட்டும்.

தயார் என்றால் அலங்காரம் இல்லை. வீட்டில் இரண்டு இடங்களில் ஒரே மாதிரி இரண்டு பெட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று படுக்கை அருகில், இன்னொன்று பகலில் நீங்கள் அதிகம் உட்காரும் இடத்தில். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு டயப்பர், துடைக்கும் பஞ்சு, புண் வராமல் தடவும் களிம்பு, மாற்றுச் சட்டை இரண்டு இரண்டு, தோளில் போடும் துணி ஐந்தாறு, உங்களுக்குத் தண்ணீர் பாட்டில், ஒரு கையால் பிரித்துச் சாப்பிடக்கூடிய ஏதாவது, போன் சார்ஜர். சார்ஜரைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டடி தள்ளி போன் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால்தான் புரியும்.

பெட்டிக்கு ஒரே ஒரு விதி: கடைசியாக எடுத்தவர் நிரப்ப வேண்டும் என்று வைக்காதீர்கள், அது நடக்கவே நடக்காது. தினம் ஒரு நேரம் குறித்து, ஒரு ஆள் மட்டும் இரண்டு பெட்டியையும் நிரப்பட்டும். எங்கள் வீட்டில் அது கணவரின் வேலை, இரவு படுக்கப் போகும் முன்.

டயப்பர் கணக்கு பலரைத் திகைக்க வைக்கும். ஆரம்ப வாரங்களில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்தாலும், இருவருக்கும் ஒரு வாரத்துக்கு 140. ஆனால் மிகச் சின்ன அளவை மொத்தமாக வாங்கி அடுக்கிவிடாதீர்கள். ஒன்று சீக்கிரம் வளர்ந்துவிடும், இன்னொன்று அதே அளவில் இருக்கும், மிச்சமான கட்டு அலமாரியில் உட்கார்ந்து உங்களை முறைக்கும். துணி நாப்கின் உபயோகிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: துணியை மிருதுவாக்கும் திரவத்தை அதில் சேர்க்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சும் தன்மையே போய்விடும். புதிய பருத்தித் துணியை இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் அது நன்றாக உறிஞ்சத் தொடங்கும்.

நோட்டு

உங்கள் ஞாபகசக்தியை நம்பாதீர்கள். எனக்கு நல்ல ஞாபகம் என்று நானும் நினைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், பெரியவளுக்கு வைட்டமின் டி சொட்டு கொடுத்துவிட்டுத் திரும்பி, அழுத குழந்தையைத் தூக்கி, அதற்கும் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். அதுவும் பெரியவள்தான், யாரோ இடம் மாற்றிப் படுக்க வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டதில், ஒரு நாள் தவறியதற்குப் பயப்பட வேண்டாம் என்றார், ஆனால் அன்றைக்கு என் கை நடுக்கம் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அதற்கப்புறம் ஒரு சாதாரண நோட்டு வாங்கினோம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், நடுவில் கோடு, இடப்பக்கம் பெரியவள், வலப்பக்கம் சின்னவன். பால் குடித்த நேரம், எந்தப் பக்கம் அல்லது எத்தனை மில்லி, ஈரம், மலம், மருந்து. மருந்துக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம்: வாய்க்குள் போன பிறகுதான் டிக், கொடுக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே போடக் கூடாது. நடுவில் ஓட நேர்ந்தால் டிக் இருக்கும், மருந்து சொட்டியிலேயே இருக்கும். போன் செயலிகளும் இருக்கின்றன, ஆனால் வீட்டுக்கு வந்து உதவுகிற எல்லோரும் எழுதக்கூடியது நோட்டுதான். பேனாவை நூலால் அதிலேயே கட்டிவிடுங்கள்.

சொட்டு மருந்தின் லேபிளையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வைட்டமின் டி 400 யூனிட் ஒரு மில்லியில் இருக்கிற புட்டியும் உண்டு, ஒரே சொட்டில் இருக்கிற புட்டியும் உண்டு. கம்பெனி மாறினால் அளவும் மாறலாம்.

யார் யார் என்ற குழப்பம் ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர் வீட்டில் இன்னும் அதிகம். ஒரு குழந்தையின் கால் கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் நகச்சாயம் வைப்பது சுலபமான வழி, காலை வாயில் வைக்கும் வயது வருவதற்குள் நிறுத்திவிடலாம். மணிக்கட்டிலோ விரலிலோ நூல் கட்டி அடையாளம் வைக்க மட்டும் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

பால் கொடுப்பது

முதல் மாதங்களின் பெரும்பகுதி இதிலேயே போகும். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். இருவருக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் 16 முதல் 24 முறை. ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள், பல் துலக்க நேரம் மிஞ்சாது. அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: ஒருவர் பசித்து எழுந்தால் இன்னொருவரையும் எழுப்புங்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பலாமா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். எழுப்பலாம். எழுப்பாவிட்டால், நீங்கள் ஒருத்தியைக் குடிக்க வைத்து, ஏப்பம் எடுக்க வைத்து, கிடத்தி, தலையணையில் தலை வைக்கும் நேரத்தில் சரியாக மற்றவன் எழுவான். மூன்று நாளில் நீங்கள் படுத்துவிடுவீர்கள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் தாய்ப்பால் கொடுப்பது முதல் நாளே வந்துவிடாது. முதலில் தனித்தனியாகக் கொடுத்து, ஒவ்வொருவரும் நன்றாக வாயைத் திறந்து கவ்விப் பிடிக்கப் பழகட்டும். அப்புறம் இருவரையும் சேர்க்கலாம். எனக்குக் கைகொடுத்தது இடுப்பில் இடுக்குகிற முறை. சாய்ந்து உட்கார்ந்து, மடியைச் சுற்றி இருபுறமும் தலையணையை மார்பு உயரத்துக்கு அடுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழந்தையின் உடம்பும் உங்கள் விலாப்பக்கம், கால்கள் உங்கள் முதுகைப் பார்த்து, தலை உங்கள் உள்ளங்கையில். அறுவை செய்து பிறந்திருந்தால் இதில் தையலின் மேல் பாரம் விழாது, அது பெரிய நிம்மதி. யாருக்குக் கவ்வுவது கஷ்டமோ அவரை முதலில் வையுங்கள், இரண்டாவது குழந்தையை எடுத்துக் கொடுக்கத் தொடக்கத்தில் ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். குழந்தைகளை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், நாம் குனியக் கூடாது. குனிந்தே கொடுத்து இரண்டாம் வாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் நான் அவதிப்பட்டேன்.

இருவருக்கும் போதுமான பால் வருமா என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் இரவு மூன்று மணிக்கு உங்களையே கேட்டுக்கொள்வீர்கள். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், இரண்டு வாய் கேட்டால் உடம்பும் அதற்கேற்ப ஈடுகொடுக்கப் பழகும். ஒருவர் வலுவாக உறிஞ்சுவார், இன்னொருவர் பாதியில் தூங்கிவிடுவார், ஆகவே இன்று இடதில் குடித்தவர் நாளை வலதில் என்று தினம் பக்கத்தை மாற்றிவிடுங்கள். போதுமா என்று தெரிந்துகொள்ள மார்பை அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை, நோட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளுக்கு அப்புறம் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு ஈர டயப்பர் இருக்க வேண்டும். பிறந்த எடையில் கொஞ்சம் முதல் நாட்களில் குறைந்து, வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிடும். இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

எடுத்து வைத்த தாய்ப்பால், அறை 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாவிட்டால் நாலு மணி நேரம் தாங்கும். பிரிட்ஜின் உட்பக்கத்தில், கதவில் இல்லை, நாலு நாள். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. பால்பொடி கொடுப்பவர்கள் கொதித்து 70 டிகிரிக்குக் கீழே இறங்காத தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, கைப்புறத்தில் சொட்டவிட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், உடனே பிரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம். வாய் வைத்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள். பாட்டிலைத் துணிச் சுருட்டில் சாய்த்துவிட்டு வாயில் வைத்து நகர்ந்துவிடுவது மட்டும் எந்த அவசரத்திலும் வேண்டாம், மூச்சுக்குழாயில் ஏறிவிடும்.

இரண்டும் கலந்து கொடுப்பவர்களை யாராவது ஒரு மாதிரி பேசினால், ஒரு இரவு வந்து தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர் வேண்டாம், ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூட வேண்டாம். இந்த இரண்டில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தூக்கம்

மல்லாந்து, கெட்டியான சமதளப் படுக்கையில், தனித்தனியாக. தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை, சுற்றிலும் கட்டும் மெத்தை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. முதல் ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே படுக்கட்டும். வயிற்றுக்குள் ஒன்றாக இருந்தவர்கள்தானே, ஒரே தொட்டிலில் போட்டால் பாசமாக இருக்குமே என்று தோன்றும். புகைப்படத்துக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒருவர் கை இன்னொருவர் மூக்கின் மேல் விழுவதை ஒரு தடவை பார்த்தால் போதும். இரண்டு சின்னப் படுக்கைகளை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணியில் சுற்றிப் படுக்க வைப்பதானால் மார்புப் பக்கம் கச்சிதமாக, இடுப்புக்குக் கீழே தவளை மாதிரி காலை மடக்க இடம் விட்டு. குப்புற விழ முயற்சி செய்கிற அறிகுறி தெரிந்த அன்றோடு நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியும் தேவையில்லை.

ஆறாவது வாரம் வாக்கில் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நாலு மாதத்தில் தணியும். குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கைப் பிறந்த தேதியிலிருந்து போடாமல், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து போடுங்கள். குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இருவரும் சேர்ந்து அழும்போது, முதலில் யாரை என்று யோசித்து நிற்காதீர்கள்: சத்தம் பெரிதாக இருப்பவரை விட, அந்த நேரத்தில் சீக்கிரம் அடங்கக்கூடியவரை எடுங்கள். ஒன்று அடங்கினால் இரண்டு கை மிஞ்சும். பொறுமை எல்லை தாண்டுகிற மாதிரி இருந்தால் இருவரையும் படுக்கையில் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். அழுவதால் ஒன்றும் ஆகாது, கோபத்தில் குலுக்கினால் மூளைக்கே ஆபத்து.

அடுப்பும் துணியும்

முதல் மாதம் எனக்கு ஒரு விபத்து. பால் பாட்டிலின் ரப்பர்களைக் கொதிக்கப் போட்டுவிட்டு, ஐந்து நிமிடம்தானே என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் விழித்தது ரப்பர் கருகுகிற நாற்றத்தில். பாத்திரத்தில் தண்ணீரே இல்லை, ஆறு ரப்பரும் ஒன்றாக உருகிக் கருப்பு அப்பமாக ஒட்டிக் கிடந்தது. குழந்தைகள் அடுத்த அறையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் பாதியில் விட்டால் கெடும் வேலை எது, கெடாத வேலை எது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டேன்.

நெருப்பு, கொதிக்கும் எண்ணெய், இஸ்திரிப் பெட்டி, குளியல்: இவை நாலும் விட்டுவிட்டு ஓட முடியாதவை. ஆகவே இன்னொரு பெரியவர் வீட்டில் இருக்கும்போது மட்டும். சமையலைத் துண்டு போட்டால் பெரும்பகுதி கெடாத வேலையாகிவிடும். காலையில் கிடைத்த பத்து நிமிடத்தில் நறுக்கி பிரிட்ஜில் வைப்பது, மத்தியானம் அளந்து வைப்பது, ஆள் வந்த பிறகு அடுப்பு. அடுப்பில் ஏற்றினால் இரண்டு வேளைக்கு, மிச்சத்தை உடனே ஆறவைத்து எடுத்து வைத்துவிடுங்கள். தானாகவே அணையும் மின்சாதனம் ஏதாவது இருந்தால் அதற்குத்தான் முதலிடம். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டாம், சூடான டம்ளரும் குழந்தையும் ஒரே மடியில் இருக்க வேண்டாம்.

குளியல் தினமும் கட்டாயம் இல்லை. இன்று ஒருத்தி, நாளை இன்னொருவன் என்று மாற்றி மாற்றிக் குளிப்பாட்டினால் போதும், மற்றவருக்கு முகம், கழுத்து மடிப்பு, டயப்பர் இடம் துடைத்துவிட்டால் சரி. தண்ணீர் 37 டிகிரி சுமார், முழங்கையை விட்டுப் பாருங்கள்.

துணி துவைப்பது அருமையான வேலை, ஏனென்றால் மிஷினைப் போட்டுவிட்டு மறந்தாலும் ஒன்றும் குடி முழுகாது. குட்டிக் காலுறைகளை வலைப்பையில் போட்டுத் துவையுங்கள், இல்லாவிட்டால் ஒற்றைக் காலுறைகளின் சங்கமம்தான். மடிப்பதை நான் நிறுத்திவிட்டேன். ஆளுக்கொரு கூடை, காய்ந்ததை அதில் போடுவது, வேண்டியதை அதிலிருந்தே எடுப்பது. யாருடைய துணி என்று தெரிய, ஓர மடிப்பில் வண்ண நூலால் மூன்று தையல்: சிவப்பு பெரியவளுக்கு, நீலம் சின்னவனுக்கு. முடிச்சு மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும், உடம்பில் உரசக் கூடாது.

கைவேலை

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். ஐந்து, பத்து நிமிடத் துண்டுகள் நிஜமாகவே கிடைக்கும். அதில் போனைத் தடவுவதை விட, கையில் ஒன்று உருவாவதைப் பார்ப்பது எனக்கு மருந்து மாதிரி இருந்தது. ஆனால் ஐந்து நிமிடம் கிடைத்தாலே தூக்கம் சொக்குகிற நாளில், தயவுசெய்து தூங்குங்கள்.

முதலில் தோளில் போடும் துணி. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு ஓடும், எத்தனை இருந்தாலும் பற்றாது. பழைய பருத்திப் படுக்கை விரிப்பு இதற்குப் பொன் மாதிரி, எத்தனையோ முறை துவைத்து மிருதுவாகியிருக்கும். புதுத்துணி என்றால் வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை துவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கிக் கோணிக்கொள்ளும். ஒரு துணிக்கு 27-க்கு 52 செ.மீ. அளவில் இரண்டு துண்டு. நல்ல பக்கம் இரண்டும் உள்ளே வர வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிச் சுற்றிலும் தையல், ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கை அகலம் இடைவெளி. நாலு மூலையையும் தையலை வெட்டிவிடாமல் குறுக்கே நறுக்கி, இடைவெளி வழியாகப் புரட்டி, மூலையைப் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளிவிட்டு, ஓரத்தை ஒட்டி ஒரு சுற்றுத் தையல். இடைவெளியும் அதிலேயே மூடிக்கொள்ளும். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு அடித்தால் துவைக்கும்போது இரண்டு படலமும் விலகாது. 25-க்கு 50-இல் ஒரு துணி.

இதை ஒவ்வொன்றாக முடிக்கக் கூடாது. ஒரு நாள் வெட்டுவது மட்டும், பத்துக்கும் சேர்த்து. இன்னொரு நாள் ஜோடி சேர்த்து ஊக்கு குத்துவது. அப்புறம் சுற்றுத் தையல் மட்டும், முடிந்தவரை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அடுக்கு அப்படியே இருக்கும், திரும்பி வரும்போது யோசிக்க ஒன்றும் இருக்காது. அந்தச் சட்டைக் கையில் நான் தோற்றது இதனால்தான்: சட்டை என்றால் அடுத்து என்ன என்று நினைவு வைத்திருக்க வேண்டும், குழந்தைகளும் அது முடியும்வரை அதே அளவில் காத்திருக்க வேண்டும். முதல் வருடத்தில் உடம்பளவு பார்க்கிற எதையும் தைக்காதீர்கள்.

குரோஷா தெரிந்தவர்கள் சதுரம் சதுரமாகப் போடுங்கள். பருத்தி நூல், ஓட்டை விழாத நெருக்கமான கண்ணி. ஒரு சதுரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், கூடையில் சேர்த்துக்கொண்டே வந்து, போதுமானது சேர்ந்ததும் இணைத்தால் தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விட ஒரு விரிப்பு கிடைக்கும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், முதலில் மூன்று நாலு நிமிடம் போதும். நடுவில் எழ நேர்ந்தால் கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள், யார் நூலை இழுத்தாலும் அவிழாது. வரிசை எண்ணைத் தாளில் குறித்துவிட்டு எழுங்கள்.

இன்னும் சுலபமானது வேண்டுமா? பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதிலும் கருப்பு வெள்ளைதான் கண்ணைப் பிடித்து நிறுத்தும். வெள்ளை அட்டையில் கருப்பு மார்க்கரால் பட்டைக்கோடு, வட்டம், சதுரங்கக் கட்டம் வரைந்து முகத்துக்கு எதிரே காட்டுங்கள். சின்னவன் ஒரு சுழியையே முழுசாக இரண்டு நிமிடம் வெறித்துப் பார்த்தான், அவனுக்கு முன்னால் எனக்குத்தான் தலை சுற்றியது.

பொம்மை செய்தால் கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்காமல் நூலாலேயே கண் போடுங்கள். கயிறு, ரிப்பன் தொங்கக் கூடாது. குண்டூசி எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணி, அத்தனையும் திரும்ப வந்ததா என்று எண்ணுங்கள். ஒரு காந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தரையில் ஓடியதையும் பிடித்துவிடலாம்.

இப்போது நூலைப் பற்றி. பிரசவமாகி மூன்று மாதம் வாக்கில் நமக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். அந்த ஒற்றை முடியோ, காலுறைக்குள் பிரிந்த ஒரு இழையோ, குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டு இறுகிவிடும். ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிச் சிவந்து நீலம் பாரிக்கும், குழந்தை என்ன செய்தாலும் அழுகையை நிறுத்தாது. பின்னல் கையுறையின் ஓட்டையில் விரல் மாட்டினாலும் இதேதான். ஆகவே காலுறையைப் போடும் முன் உட்புறம் வெளியே வரத் திருப்பிப் பார்த்து, பிசிறை ஒட்ட நறுக்குங்கள். காரணம் தெரியாமல் அழுதால் துணி எல்லாவற்றையும் அவிழ்த்து, பத்துக் கால் விரல், பத்துக் கை விரல், ஆண் குழந்தை என்றால் அங்கேயும் பார்த்துவிடுங்கள். முடி தோலில் புதைந்து எடுக்க வராவிட்டால் நேரே மருத்துவமனை.

உங்கள் உடம்பு

வருகிறவர்கள் எல்லோரும் குழந்தையைத் தூக்கத்தான் வருவார்கள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது இனிப்பான வேலை, அதை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதை அவர்களுக்குக் கொடுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள்: துணி காயப்போட, பாட்டில் கழுவ, குப்பை வெளியே வைக்க. செய்யட்டுமா என்று கேட்பவரிடம் தாளைக் காட்டினால் போதும், வாயால் கேட்கிற சங்கடம் இல்லை. உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் இன்னொரு நாள் வரட்டும்.

அறுவை நடந்திருந்தால் தையல் ஆறும்வரை ஒரு குழந்தையின் எடைக்கு மேல் தூக்க வேண்டாம், இருவரையும் சேர்த்துத் தூக்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுசாக நனைகிற ரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம் இருந்தால் அன்றைக்கே டாக்டர். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றாலும் அப்படியே, காலை வரைக்கும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

மனசைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் இருட்டாகவே இருந்தால், குழந்தைகள் தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், எதிலும் ஒட்டாவிட்டால், அது நோய், சிகிச்சை உண்டு, இரட்டையரின் தாய்களுக்கு வரும் வாய்ப்பும் அதிகம். உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறாவது மாதம் வரும்போது

ஒருவர் உருளத் தொடங்கினால் இன்னொருவருக்காகக் காத்திருக்காமல் வீட்டை மாற்றிவிடுங்கள். தரையில் இருக்கிற கூடைகள் மேலே ஏறட்டும், தையல் பெட்டி பூட்டுப் போட்ட இடத்துக்குப் போகட்டும், மிஷினின் வயர் எட்டாத இடத்தில் சுற்றிக் கட்டப்படட்டும். அந்த வாரம்தான் நான் மிஷினைத் துடைத்து, ஊசியைத் தூக்கி, சட்டைக் கையை வெளியே எடுத்தேன். பிரித்துப் போட்டால் ஒரு தோள்துணிக்குக்கூடத் துணி தேறவில்லை. பஞ்சை அடைத்து இரண்டு முனையையும் மூடி, ஊசி குத்தி வைக்கும் திண்டாக்கிவிட்டேன். மற்றச் சட்டையைப் பெரியவள் ஒரே ஒருமுறை போட்டாள், போட்ட பத்தாவது நிமிடத்தில் பால் கக்கிவிட்டாள்.